ஐந்து தரம் "ஏன்" கேட்டோம்

மியான்மரில் உள்ள தான்லியினிலிருந்து எழுதுகிறேன். திலாவா தொழிற்பேட்டையில் ஜப்பான்காரர் கம்பெனி ஒன்றில் வேலை. அங்கே மெஷின் நின்றால் ஆளைத் திட்டமாட்டார்கள். "ஏன்" என்று ஐந்து தரம் தோண்டச் சொல்வார்கள். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ பழக்கிய முறை. சபைக் கமிட்டியில் இதைச் சொன்னதும், "தம்பி, இது ஆண்டவர் வீடு, பட்டறை இல்லை" என்றார் ஒரு மூப்பர். ஒரு தரம் கேட்டுத்தான் பார்ப்போமே ஐயா என்றேன்.

வாலிபர்கள் ஏன் தமிழ் ஆராதனைக்கு வருவதில்லை? சலிப்பு. ஏன்? கூடப் பாட முடியவில்லை. ஏன்? பாட்டுப் புத்தகம் வாசிக்கத் தெரியாது. ஏன்? வீட்டில் தமிழ் பேச்சோடு சரி, பள்ளியில் படிப்பது பர்மிய எழுத்து. சரி, நாம் ஏன் சொல்லித்தரவில்லை? ஞாயிறு பள்ளியில் தமிழ் எழுத்து வகுப்பை நிறுத்தியதே நாங்கள்தான். கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாளும் பிள்ளைகளுக்கு உலக ஆசை என்றல்லவா ஜெபித்துக்கொண்டிருந்தோம்!

உடனே ஒருவர், கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் 500 புத்தகம் அடிக்கலாம் என்றார். நான் தடுத்தேன். 'லீன் ஸ்டார்ட்அப்' புத்தகம் எழுதிய எரிக் ரீஸ் புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்குச் சொல்வதும் இதைத்தான்: முதலில் மலிவாக ஒன்றைச் செய்து காட்டு, ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார். ஒரே பாட்டு, 20 ஜெராக்ஸ்.

நல்லவேளை! "ராஜா" என்று எழுதியதைப் பிள்ளைகள் "யாஜா" என்று பாடினார்கள். பர்மியர் அந்த ரகரத்தை யகரமாகத்தான் வாசிப்பார்கள்; ரங்கூன் யாங்கோன் ஆனதும் அப்படித்தானே. ஸகரம் போட்ட இடமெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு "த" மாதிரி வந்தது. பெரியவர்கள் முறைத்தார்கள், பிள்ளைகள் சிரித்தார்கள். பத்தாவது படிக்கும் ஒரு பெண், "அங்கிள், எங்களிடம் கொடுத்திருக்கலாமே" என்றாள். அடுத்த தாளிலிருந்து எழுதுவது அவள்தான்.

தொழிற்சாலை மாதிரி வாராவாரம் தலை எண்ணிப் பலகையில் போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.

*

இது யாங்கோன் சபையிலிருந்து இன்னொருவர். எங்களுக்கும் ஓர் அனுபவம். மாலை வீட்டு ஜெபத்துக்குப் பெண்கள் வருவது குறைந்துவிட்டது. பாஸ்டரம்மா பிரசங்கத்தை மாற்றவில்லை. நான்கு வீட்டில் போய் உட்கார்ந்து, அவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். கரண்ட் அப்போதுதான் வருகிறது: சோறு வைக்க வேண்டும், மோட்டார் போட வேண்டும். இப்போது கரண்ட் அட்டவணையைப் பார்த்துத்தான் ஜெப நேரம் குறிக்கிறோம். அட்டவணையே தப்பும் நாளில், ஜெபம் பாதியில் கலையும்.