வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரே இல்லை. பிறகு கட்சி எங்கே வென்றது?

கணக்கர்:
சோசலிஸ்ட் ஆல்டர்நேட்டிவ் என்ற சிறு கட்சி 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகர மன்றத் தேர்தலில் வென்று பெரிய கட்சிகளை நடுங்க வைத்ததாக நண்பர் செங்கதிர் நேற்று முழங்கியிருந்தார். சியாட்டில் நகர மன்றத் தேர்தல் கட்சி சார்பற்றது. அக்கட்சியைச் சேர்ந்த வேட்பாளர் க்ஷமா சாவந்தின் பெயருக்கு அருகில் எந்தக் கட்சியின் பெயரும் அச்சிடப்படவில்லை. அச்சாகாத கட்சி எப்படி வென்றது என்பதைச் செங்கதிர் விளக்கினால் நன்று.

செங்கதிர்:
பதினாறு ஆண்டுகள் மன்றத்தில் இருந்த ரிச்சர்டு கான்லினை எதிர்த்து, தாம் ஒரு சோசலிஸ்ட் என்பதை மேடைதோறும் சொல்லி, மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் கேட்டு நின்றவர் சாவந்த். முதல் நாள் இரவு பின்தங்கியிருந்தவர், எஞ்சிய தபால் வாக்குகள் எண்ணப்பட எண்ணப்பட முந்தி, ஏறத்தாழ 3,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்களித்த 90,000க்கும் மேற்பட்டோர் அவரது கட்சி எது என்று அறியாமலா வாக்களித்தார்கள்?

கணக்கர்:
அறிந்தார்களா என்பதன்று என் கேள்வி, அச்சிடப்பட்டிருந்ததா என்பதே. 2012ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்கு, சபாநாயகர் ஃபிராங்க் சாப்பை எதிர்த்து இதே சாவந்த் போட்டியிட்டபோது கட்சியின் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது. கிடைத்தது ஏறத்தாழ 29 சதவீதம். பெயர் அச்சான தேர்தலில் தோல்வி, அச்சாகாத தேர்தலில் வெற்றி. இதற்குமேல் நான் என்ன சொல்ல வேண்டும்?

செங்கதிர்:
2012இல் அந்தப் பெயர் அச்சானதே அவர் நீதிமன்றம் வரை சென்று போராடியதால்தான் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். வாடகைக் கட்டுப்பாடு பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் பாதியை மேற்கோள் காட்டினீர்கள், எங்களுக்கு மறக்கவில்லை.

கயல்விழி:
புனேயில் பிறந்து மும்பையில் வளர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் அமெரிக்காவின் பெருநகரம் ஒன்றில் வென்றிருக்கிறார். 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாகச் சியாட்டிலை ஆக்கிய சட்டத்தையும் அவரே முன்மொழிந்தார். இங்கே இருவர் அச்சுப்பிழை திருத்துபவர்களைப் போல வாக்குச்சீட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாம்பலத்தான்:
தமிழ்ப் பெருமை பேசும் அம்மையாருக்கு ஒரு நினைவூட்டல். 15 டாலர் ஊதியத்தை அருகிலிருக்கும் சீடாக் நகர வாக்காளர்கள் அதே 2013 நவம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். சியாட்டிலில் 2014 ஜூனில் மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்களும் சேர்ந்து அதை நிறைவேற்றினார்கள். ஒருவரே சாதித்ததாகச் சொல்வது மற்ற எட்டுப் பேருக்குச் செய்யும் அநீதி.

கயல்விழி:
சாதிச் சட்டத்தைப் பற்றி நான் எழுதினால் ஊதியச் சட்டத்தைப் பற்றி மறுமொழி வருகிறது. தங்களுக்கு எது உறுத்துகிறது என்பது புரிகிறது, ஐயா.

கணக்கர்:
சாதிச் சட்டமோ ஊதியச் சட்டமோ என் கேள்விக்கு விடையாகாது. வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இருந்ததா, இல்லையா?

செங்கதிர்:
இல்லை. ஆனால் 2019இல் வணிகர் சங்கத்தின் தேர்தல் குழுவுக்கு அமேசான் 15 லட்சம் டாலர் கொடுத்ததே, அது வெறும் சுயேச்சை ஒருவருக்கு அஞ்சியா? அந்தத் தேர்தலிலும் அவர் வென்றார். 2021 டிசம்பரில் அவரைத் திரும்ப அழைக்க நடந்த வாக்கெடுப்பையும் 310 வாக்கு வித்தியாசத்தில் கடந்தார்.

கணக்கர்:
"இல்லை" என்று தாங்களே எழுதிய பிறகு எஞ்சியதெல்லாம் அலங்காரம். அமேசான் கொடுத்த பணம் பல தொகுதிகளின் வேட்பாளர்களுக்காகச் செலவானது. சாவந்தை வீழ்த்துவதற்கு மட்டும் என்பதுபோல் எழுதுவது தங்கள் வழக்கமான மிகை. உண்மையிலேயே வென்றது கட்சி என்றால், அவர் பதவியில் இருந்த பத்தாண்டுகளில் அக்கட்சி அதே மன்றத்தில் இரண்டாவது இடம் ஒன்றையாவது பெற்றிருக்க வேண்டாமா? 2023இல் அவர் போட்டியிடாமல் ஒதுங்கியதும் இருந்த ஓர் இடமும் போயிற்று.

செங்கதிர்:
ஒரே இடத்தை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தையே பேச வைத்தார்கள் என்பதுதான் தங்களால் செரிக்க முடியாதது. வாடகை விவாதத்தில் தாங்கள் மறைத்த அந்தப் பாதி மேற்கோளுக்கு இன்னும் விடை வரவில்லை.

கணக்கர்:
வாக்குச்சீட்டைப் பற்றிப் பேசுங்கள்.