'கான்ஸ்டிட்யூஷனல் டார்ட்': தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

அரசமைப்புச் சட்டச் சொற்கோவையில் தீர்வழிகள் பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. நீதிப்பேராணைகள் ('ரிட்') ஐந்துக்கும் சொல் இருக்கிறது. 'ஆட்கொணர்வு மனு' நாளிதழ் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. முட்டி நிற்பது 'கான்ஸ்டிட்யூஷனல் டார்ட்' மட்டும் ('டார்ட்' என்றால் நட்டஈடு கேட்கத்தக்க உரிமையியல் தவறு).

கருத்து இதுதான். பணியில் இருக்கும் அரசு ஊழியர் ஒருவர் ஒரு குடிமகனின் அடிப்படை உரிமையைப் பறிக்கிறார். சட்டத்துக்குப் புறம்பாக அடைத்துவைத்திருக்கலாம், காவலில் அடித்துக் கொன்றிருக்கலாம். பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமல், அரசமைப்பின் உறுப்பு 226-இன்கீழ் உயர் நீதிமன்றத்துக்கோ 32-இன்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கோ நேராகப் போகிறார்கள். நீதிமன்றம் அரசையே பணம் கொடுக்கச் சொல்கிறது. அந்தத் தவறுக்கு ஒரு சொல் வேண்டும், கொடுக்கப்படும் தொகைக்கு ஒரு சொல் வேண்டும்.

என் முன்மொழிவு: தவறுக்கு 'அரசமைப்புத் தீங்கியல்', தொகைக்குப் 'பொதுச்சட்ட இழப்பீடு'. கருத்துச் சொல்லுங்கள்.

-----

> அரசமைப்புத் தீங்கியல்

ஐயா, இதில் இரண்டு இடறல். 'தீங்கியல்' என்பது 'டார்ட்' பற்றிய சட்டத்துறையின் பெயர். ஒரு காவலர் செய்த ஒரு செயலை 'ஒரு தீங்கியல்' என்று சொல்ல முடியாது. செயலுக்குத் 'தீங்கு' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்படி நிறுத்தினால் 'அரசமைப்புத் தீங்கு' என்றாகிறது. புகைத் தீங்கு என்றால் புகையால் வரும் தீங்கு. பயிர்ச்சேதம் என்றால் பயிருக்கு வந்த சேதம். அரசமைப்புத் தீங்கை எப்படி விரித்தாலும் ஒன்று அரசமைப்பு குற்றவாளி ஆகிறது, இல்லையென்றால் அதுவே அடிபடுகிறது. அடிபட்டது ஒரு மனிதர்.

> பொதுச்சட்ட இழப்பீடு

'பொதுச்சட்டம்' என்பதை 'காமன் லா'வுக்கு (தீர்ப்புகள் வழி வளர்ந்த ஆங்கிலேயச் சட்டம்) ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இங்கே அதையே போட்டால் பொருள் தலைகீழாகும். 'காமன் லா' வழியில் கேட்கிற நட்டஈட்டிலிருந்து இது வேறு என்பதுதானே இந்தக் கோட்பாட்டின் உயிர்?

வழக்கு வரலாற்றைப் பார்த்தால் சொல்லில் எது தெரிய வேண்டும் என்பது புலப்படும். 1964-இல் தீர்ப்பான கஸ்தூரிலால் வழக்கில் போலீஸ் கைப்பற்றிய தங்கத்தோடு தலைமைக் காவலர் ஓடிப்போனார். கைதும் பறிமுதலும் அரசின் இறைமைப் பணி, அதனால் அரசு பொறுப்பேற்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமையியல் வழக்குப் போட்டவர் முட்டிக்கொண்ட சுவர் இதுதான். 1983-இல் ருதுல் ஷா வழக்கு. 1968 ஜூனில் விடுதலையானவரை 1982 அக்டோபர்வரை, 14 ஆண்டுக்கு மேல், பீகார் சிறையில் வைத்திருந்தார்கள். ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருமுன்பே அவரை வெளியே விட்டுவிட்டதால், இனிக் கொணர ஆளில்லை என்று மனுவை முடித்திருக்கலாம். நீதிமன்றம் அப்படிச் செய்யாமல், ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாய்க்கு மேல் 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. முழு நட்டஈடு கேட்டுத் தனியே வழக்குப் போடும் உரிமையையும் விட்டுவைத்தது. 1993-இல் நீலாபதி பெஹெரா வழக்கில் இது கோட்பாடாகவே உறுதிப்பட்டது. காவலில் இருந்த மகனின் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. தாய் எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. தொகை 1,50,000 ரூபாய். அடிப்படை உரிமை மீறலுக்கு இறைமைப் பாதுகாப்பு என்ற கேடயம் செல்லாது என்று தீர்ப்பு தெளிவாகச் சொல்லிற்று.

ஆகவே சொல்லில் தெரிய வேண்டியவை: அடிபட்டது உரிமை, தவறு அரசுடையது, தொகை இரக்கத்தில் கொடுப்பது அன்று.

மூன்றாவதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மனுக்களில் பலர் 'நிவாரணம் வழங்க வேண்டும்' என்று எழுதிவிடுகிறார்கள். வெள்ள நிவாரணமும் முதலமைச்சர் நிவாரண நிதியும் அந்தச் சொல்லை ஆக்கிரமித்துவிட்டன. 'கருணைத் தொகை ஏற்கெனவே கொடுத்தாயிற்று' என்று எதிர்மனுதாரர் தரப்பு பதில் சொல்ல அதுவே வழி திறந்துவிடும்.

-----

வணக்கம். இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு.

எங்கள் அரசியலமைப்பின் 126-ஆம் உறுப்புரையின்கீழ் செய்வதை 'அடிப்படை உரிமை மீறல் மனு' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். தொகையை 'நட்டஈடு' என்கிறோம். தீர்வழியே அரசியலமைப்பில் எழுதப்பட்டிருப்பதால் 'டார்ட்' என்ற உருவகத்தைக் கொண்டுவரவேண்டிய தேவை எங்களுக்குப் பெரிதாக இருக்கவில்லை. நீதிமன்றம் 'நீதியும் ஒப்புரவும்' என்று கருதும் எந்த நிவாரணத்தையும் வழங்கலாம். இங்கே நிவாரணம் என்ற சொல்லுக்கு இரக்கத்தின் வாடை கிடையாது.

சொற்கோவையில் அவசியம் ஒரு எச்சரிக்கை போடுங்கள். எங்களுக்கு 'உயர் நீதிமன்றம்' என்றால் நாட்டின் அதியுயர் நீதிமன்றம், நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பது. ஆங்கிலத்தில் 'ஹை கோர்ட்' எனப்படுவது எங்களிடம் 'மேல் நீதிமன்றம்'; அதற்கும் உயர் நீதிமன்றத்துக்கும் இடையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. 126-இன் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இந்திய வாசகர் இதை 226 என்று நினைத்தால் முழுதும் பிழையாகிவிடும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. 1996-இன் 21-ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13. ஆனால் முறைப்பாட்டையும் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே கொடுத்திருக்க வேண்டும். இது தெரியாமல் பலர் காலங்கடந்து போகிறார்கள்.

-----

'உரிமைமீறல் இழப்பீடு' என்று வைத்துக்கொள்ளலாமே? இரு நாட்டுக்கும் ஒத்துவரும்.

-----

ஒத்துவராது, அம்மா. தமிழ்நாட்டில் 'உரிமை மீறல்' என்றாலே சட்டப்பேரவை. அமைச்சர்மீது உரிமை மீறல் தீர்மானம் வந்தது என்கிற செய்தியோடு குழம்பும். பதிப்புரிமை மீறலும் பக்கத்தில் நிற்கிறது.

ஒரே சொல்லாக 'உரிமையீடு' என்று பார்க்கலாமா? இழப்பீடு என்பது இழப்புக்கு ஈடு. அதுபோல உரிமைக்கு ஈடு. சுருக்கமாகவும் ஒலி இனிமையாகவும் இருக்கிறது.

-----

> உரிமையீடு

அழகான சொல், ஆனால் ஆபத்தானது. 'ஈடு' இரண்டு வேரிலிருந்து வருகிறது. நிகர் என்ற ஈடு ஒன்று; 'இடு' முதனிலை நீண்டு வந்த ஈடு இன்னொன்று. முதலீடு, ஒதுக்கீடு எல்லாம் இரண்டாம் வகை. உரிமையீடு என்று கேட்பவர் காதில் உரிமையை ஒதுக்குவது என்றுதான் விழும். அதைவிட மோசம், நிலத்தை ஈடு வைப்பதுபோல உரிமையை அடகு வைத்த பொருளும் வருகிறது. காசு வாங்கிக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்தார் என்ற நினைப்பை நாமே விதைக்க வேண்டாம்.

'உரிமைத் தீங்கு' என்றால் என்ன? உரிமைக்கு இழைத்த தீங்கு. 'மீறல்' இல்லை, ஆகவே பேரவைக் குழப்பம் இல்லை. தீங்கியல் என்ற துறைப்பெயரோடும் உறவு அறுபடாது. தேவைப்படும் இடத்தில் 'அடிப்படை உரிமைத் தீங்கு' என்று விரிக்கலாம். தொகை 'உரிமைத் தீங்கு இழப்பீடு'. இடையில் ஒற்று மிகும். 'உரிமை தீங்கு' என்று பிரித்துப் போட்டால் இரண்டு தனிச்சொல் மாதிரி கிடக்கும்.

-----

உரிமைத் தீங்குக்கு என் ஆதரவு. ஆனால் விளக்கக் குறிப்பில் கவனம் வேண்டும்.

முதல் மடலில் 'குடிமகனின் அடிப்படை உரிமை' என்று இருக்கிறது. அதை 'ஒருவரின்' என்று மாற்றுங்கள். உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் காப்பளிக்கும் உறுப்பு 21 வெளிநாட்டவருக்கும் உண்டு. 2000-இல் சந்திரிமா தாஸ் வழக்கில், ரயில்வே ஊழியர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வங்கதேசப் பெண்ணுக்கு 10 லட்ச ரூபாய் உறுதிசெய்யப்பட்டது. 'குடிமகன்' என்று எழுதினால் அந்தத் தீர்ப்பே நம் விளக்கத்துக்கு வெளியே போய்விடும்.

எல்லா உரிமை மீறலும் இதில் வராது என்பதையும் சொல்ல வேண்டும். 2006-இல் சூபே சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வடிகட்டியை வைத்துவிட்டது. மீறல் மறுக்க முடியாதபடி வெளிப்படையாக இருக்கிறதா, மனச்சாட்சியை உலுக்கும் அளவு கொடியதா, காவல் சித்திரவதை என்றால் மரணமோ மருத்துவ அறிக்கையோ தழும்போ ஊனமோ அதற்குத் துணைநிற்கிறதா என்று பார்க்கும். மனுக்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். உறுதிமொழிப் பத்திரத்தில் 'அடித்தார்கள்' என்று மட்டும் இருக்கும். காயச் சான்றோ ரிமாண்டின்போது நீதித்துறை நடுவரிடம் சொன்னதற்கான பதிவோ இணைப்பில் இருக்காது. பொருண்மைகள் (நடந்தது என்ன என்பது) தகராறில் இருந்தால், உரிமையியல் நீதிமன்றம் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அங்கே காலம் காத்திருக்காது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி முறையற்ற சிறைவைப்புக்கு நட்டஈடு கேட்க ஓராண்டுதான், அதுவும் அடைப்பு முடிந்த நாளிலிருந்து. பேராணை மனுவுக்கு அப்படி எண்ணிச் சொன்ன கெடு கிடையாது என்ற தைரியத்தில் இரண்டு ஆண்டு கழித்து வந்து, மனுவும் தள்ளுபடியானால் இரு கதவும் மூடிவிடும்.

இரண்டு வழியிலும் வென்றால் இரட்டிப்பாகக் கிடைக்காது. பேராணை மனுவில் வாங்கியது பின்னால் உரிமையியல் தீர்ப்புத் தொகையில் கழிக்கப்படலாம். காவல் மரணங்கள் பற்றிய டி.கே.பாசு வழக்கில் இது பேசப்பட்டிருக்கிறது.

-----

நன்றி. பதிவை இப்படி அமைத்திருக்கிறேன்; திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

உரிமைத் தீங்கு (விரிவு: அடிப்படை உரிமைத் தீங்கு): அரசோ அரசின் பணியாளரோ ஒருவரின் அடிப்படை உரிமையைப் பறித்து இழைக்கும் தீங்கு, இறைமைப் பாதுகாப்பைக் காட்டி அரசு பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாதது. உரிமைத் தீங்கு இழப்பீடு: அதற்காகப் பேராணை அதிகார வரம்பில் நீதிமன்றம் அரசைக் கொடுக்கச் செய்யும் தொகை. கருணைத் தொகை, பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத் தொகை, உரிமையியல் வழக்கின் நட்டஈடு ஆகியவற்றிலிருந்து வேறானது. இலங்கை வழக்காறு: அடிப்படை உரிமை மீறல், நட்டஈடு.

'உயர் நீதிமன்றம்' பற்றிய எச்சரிக்கையைத் தனிப் பதிவாகவே போட்டுவிட்டேன்.

-----

'பறித்து' வேண்டாம், 'மீறி' போதும். பீம் சிங் வழக்கில் உரிமையை முற்றிலும் பறித்துவிடவில்லை. சட்டமன்ற உறுப்பினரை அவைக்குப் போகவிடாமல் சில நாள் பிடித்துவைத்தார்கள், அதற்கே 1985-இல் 50,000 ரூபாய் கொடுக்க நேர்ந்தது. மற்றபடி எனக்குச் சம்மதம்.