கேஜ் கிளாஸே தேய்கிறது, அணுக்கழிவுக் கண்ணாடி தாங்குமா?

பஹாவ் பாய்லர்மேன்:
வணக்கம். செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸைக் கழற்றும்போதெல்லாம் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். நீராவி நிற்கும் மேல்பாதி மங்கிப் போய், கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும். கசிவைத் தடுக்கும் கேஸ்கட் உட்காரும் ஓரத்தில் இரும்பும் அரித்திருக்கும். அணுக்கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கலனில் ஊற்றிப் புதைக்கப் போகிறார்களாம். அதிலிருக்கும் கதிரியக்கப் பொருளான புளுட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,100 ஆண்டு ஆகும். அதுவரை இந்தக் கண்ணாடி நிற்குமா? பேரப்பிள்ளைகள் காலத்தை நினைத்துத்தான் கேட்கிறேன்.

ஈப்போ உலோகவியல்:
அண்ணே, நல்ல கேள்வி. மேல்பாதி தேய்வதற்குக் காரணம், நீராவி குளிர்ந்து வழிகிற சுத்தத் தண்ணீர். கண்ணாடியின் முக்கியப் பொருளான சிலிக்கா அதில் கிடையாது. அதனால் கண்ணாடியிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். பூமிக்கடியில் தண்ணீர் ஓடாமல் தேங்கும். சிலிக்கா நிறைந்ததும் கண்ணாடி மேல் கூழ் போன்ற ஒரு படலம் உண்டாகி, கரைவது வெகுவாகக் குறைந்துவிடும். பிரான்சின் மார்கூலில் 1978-லேயே அணுக்கழிவை இப்படி உருக்கத் தொடங்கிவிட்டார்கள். ரோமானியர் காலத்துக் கப்பலோடு மூழ்கிய கண்ணாடி சுமார் 1,800 ஆண்டு கடலில் கிடந்தும் கட்டியாகவே கிடைத்தது.

பஹாவ் பாய்லர்மேன்:
சரி தம்பி. ஆனால் அந்தக் கப்பல் கண்ணாடியைச் சுற்றி ஸ்டீல் இல்லையே? நான் பயப்படுவது ஓரத்துக்குத்தான். எங்கள் ஆலையில் எது கெட்டாலும் இரண்டு பொருள் ஒட்டுகிற இடத்தில்தான் முதலில் கெடும்.

ஈப்போ உலோகவியல்:
சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் இதைத்தான் வெளியிட்டார்கள். கண்ணாடியையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அழுத்தி ஒட்டவைத்து, 90 டிகிரி உப்புநீரில் 30 நாள் வைத்தார்கள். நடுச்சந்தில் ஸ்டீல் அரித்து அங்குள்ள நீர் அமிலமாக மாறியதால், கண்ணாடி தனியாக இருப்பதைவிட வேகமாகக் கெட்டது. இது போக, துருவும் சிலிக்காவைப் பிடித்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர்கூட மறுபடியும் கண்ணாடியைத் தின்னத் தொடங்கும்.

குளுவாங் வாசகி:
ஒன்றை விட்டுவிட்டீர்கள், தண்ணீர் அங்கே போய்ச் சேர வேண்டுமே! பின்லாந்தின் ஒன்காலோ புதைகிடங்கில் அணு உலையில் எரிந்த எரிபொருளைக் கண்ணாடியாக்காமல், வார்ப்பிரும்புக் கூட்டில் வைத்து 5 சென்டிமீட்டர் செம்பால் மூடுவதுதான் முறை. சுற்றிலும் பென்டோனைட் களிமண், தண்ணீர் பட்டால் உப்பிப் பெருகும். இடமோ 400 மீட்டருக்கும் கீழே, பாறைக்குள்.

பஹாவ் பாய்லர்மேன்:
அப்படியென்றால் களிமண்தான் கேஸ்கட். அது எத்தனை காலம் ஈரம் தாங்கும் என்று யாராவது எழுதுங்கள், இரவு ஷிப்ட் முடிந்ததும் படிக்கிறேன்.