பேத்தி செய்த மாவு யாளி பிளந்துவிட்டது, வழி சொல்லுங்கள்

சத்துவாச்சாரி தாத்தா:
என் பேத்திக்கு ஐந்து வயது. பிரதோஷந்தோறும் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். (1981 வரை அந்த லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தது, அதனால் எனக்கு அந்தக் கோயிலோடு தனி ஒட்டுதல்.) அவள் கண் முழுவதும் கல்யாண மண்டபத்துத் தூண்களில் நிற்கும் யாளிகள்மேல்தான். வீட்டுக்கு வந்ததும் மைதாவில் உப்புப் போட்டுப் பிசைந்து கொடுத்துவிட வேண்டும்.

சென்ற வாரம் செய்த யாளி என் உள்ளங்கை அளவு. கண்ணுக்கு இரண்டு மிளகு. பல்லுக்கு நொய்யரிசியை ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பதித்தாள். கால்கள் ஐந்து. "ஏனம்மா?" என்றேன். "ஒன்று வலித்தால் இன்னொன்று வேண்டாமா?" என்றாள்.

மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். மாலைக்குள் முதுகு பிளந்து தும்பிக்கை உதிர்ந்துவிட்டது. அவள் அழவில்லை. உதிர்ந்த துண்டை என் சட்டைப் பையில் போட்டு, "பத்திரம் தாத்தா" என்றாள். அதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இவற்றைக் காப்பாற்ற வழி உண்டா? அடுத்த முறை நான்கு கால் வைக்கச் சொல்லித்தரும்படி வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை.

காட்பாடி அத்தை:
ஐயா, வெயிலில் வைக்கவே கூடாது. வெளித்தோல் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈர மாவு சுருங்காமல் நிற்கும், தோல் பிளந்துவிடும். நிழலில் மூன்று நான்கு நாள், அவ்வப்போது திருப்பி வையுங்கள். இரண்டு டம்ளர் மைதாவுக்கு ஒரு டம்ளர் தூளுப்பு, ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். பத்து நிமிடம் விடாமல் பிசையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் நீங்களே வார்னிஷ் பூசுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் உப்பு ஈரத்தை இழுத்து உருவம் கசியும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், அத்தனை உப்பு அதற்கு ஆபத்து.

கொசப்பேட்டைக்காரன்:
எங்கள் குடும்பத்துக்கு மண் வேலைதான் தொழில். தும்பிக்கையை வெறுமனே ஒட்டினால் நிற்காது. இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, அதே மாவைக் குழம்பாகக் கரைத்துத் தடவி அழுத்துங்கள். நடுவில் ஈர்க்குத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். உடம்பு விரல் கனத்துக்கு மேல் போனால் அடியிலிருந்து ஸ்பூனால் குடைந்து எடுங்கள். ஐந்தாவது காலைத் தொடாதீர்கள் ஐயா! கனமான உருவத்துக்கு வயிற்றுக்கடியில் முட்டுக் கொடுப்போம். யாரும் சொல்லாமலே குழந்தை அதை வைத்திருக்கிறாள்.

சத்துவாச்சாரி தாத்தா:
இருவருக்கும் நன்றி. அலமாரி நிழலில் நான்கு நாள் வைத்தேன். புது யாளி கீறல் இல்லாமல் ஐந்து காலில் நிற்கிறது. பழைய தும்பிக்கையை என் பையிலிருந்து கேட்டு வாங்கி அதன் வாயருகே வைத்திருக்கிறாள். அதற்குப் பசிக்குமாம்.