கேமராவை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா: புதுப்பிப்பு

என்னிடமுள்ள நிக்கான் டி7200 கேமராவையும் மூன்று லென்ஸ்களையும் விற்றுவிட்டு மிரர்லெஸ்ஸான (உள்ளே கண்ணாடி இல்லாத) நிக்கானின் இசட் வரிசைக்கு மாறலாமா என்று சில வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். முடிவுக்கு வந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

நண்பர் ஒருவரின் இசட் கேமராவையும் பழைய லென்ஸ்களை அதில் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டரையும் இரவல் வாங்கிக்கொண்டு, நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் இரண்டு காலைப்பொழுதுகள் படமெடுத்தேன். தொலைவிலுள்ள பறவைகளை எடுக்கும் என் 200-500 எம்எம் ஜூம் லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருப்பதால் அது அடாப்டரிலும் தடையின்றித் தானே ஃபோகஸ் செய்தது. ஆனால் உள்ளே மோட்டார் இல்லாத பழைய 50 எம்எம் டி வகை லென்ஸ், கேமராவுக்குள் இருக்கும் மோட்டாரை நம்பியது. அடாப்டரில் அந்த மோட்டார் இல்லாததால், வளையத்தைக் கையால் திருக வேண்டியதாயிற்று. எடையும் நினைத்த அளவு குறையவில்லை, ஏனெனில் 200-500 லென்ஸ் மட்டுமே 2 கிலோவைத் தாண்டும்.

உண்மையில் என்னைச் சபலப்படுத்தியது இசட் கேமராவின் ஓசையற்ற ஷட்டர்தான். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காத ஊரில், வீட்டோரத்து மரத்தில் கூடு கட்டியிருக்கும் மஞ்சள் மூக்கு நாரையின் முன் என் கேமரா 'சடக் சடக்' என்று அடிப்பது கூச்சமாகவே இருந்தது. ஆயினும் வேகமாகப் பறக்கும் பறவையை அந்த ஓசையற்ற முறையில் எடுத்தபோது சிறகுகள் சற்றே சாய்ந்து வளைந்து பதிந்தன.

ஆகவே இப்போதைக்கு எதையும் விற்கவில்லை. டி7200 பழுதாகும் நாளில் இசட் கேமராவும் அடாப்டரும் மட்டும் வாங்குவேன். 200-500 என்னிடமே இருக்கும்.