பொருள்: ‘ரெகுலேட்டரி ஃபீ’ – வரன்முறையா, ஒழுங்குமுறையா, ஒழுங்காற்றா?

> இங்கிலாந்தின் சமூக வீட்டுவசதி ரெகுலேட்டருக்கு வீட்டு அமைப்புகள் கட்டும் ‘ஃபீ’யை ‘வரன்முறைக் கட்டணம்’ என்று எழுதிவிட்டேன். நம் அரசு வாடகைக் குடியிருப்புகளுக்கு முன்மொழியும் ரெகுலேட்டருக்கும் அதே சொல்தான். சரிதானே?

வேண்டாம் ஐயா. சென்னையில் வரன்முறை என்றதும் அனுமதியில்லாத மனையை முறைப்படுத்துவதுதான் நினைவுக்கு வரும். அது விதிமீறலைச் சரிக்கட்டக் கட்டும் பணம். இங்கே யாரும் தவறு செய்யவில்லை. ஆயிரம் வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் அமைப்பு வீட்டுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கட்டுகிறது. ஆய்வாளர் சம்பளம் அதிலிருந்து போகிறது. 2024 ஏப்ரல் 1 முதல் பெரிய அமைப்புகளை 4 ஆண்டுக்கு ஒருமுறை நேரில் ஆய்வு செய்தாக வேண்டும். ஆள் தேவை கூடியது. அதுவரை கட்டாத உள்ளாட்சிகளும் அந்த ஆண்டிலிருந்து கட்டுகின்றன.

‘மேற்பார்வைக் கட்டணம்’ என்றும் வைக்க முடியாது; அது பொறியாளர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, எஸ்டிமேட்டில் வரும். என் பரிந்துரை ‘கண்காணிப்பு ஆயம்’.

---

> கண்காணிப்பு ஆயம்

அழகான சொல்தான், ஆனால் ‘மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை’ என்று துறையின் பெயரே இருக்கிற ஊரில் ஆயம் என்றால் டாஸ்மாக் வாடைதான் அடிக்கும். ‘தீர்வை’யும் ஆகாது; கருவூலத்துக்குப் போகும் வரி என்று படிப்பார்கள். ஆணையத்தின் செலவுக்கே போகும் பணம் கட்டணம்தான்.

முன்னொட்டுக்கு ‘ஒழுங்காற்று’. காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவால் நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் பழகிய சொல். ஒரு எச்சரிக்கை: ங் போய் க் வந்தால் ‘ஒழுக்காற்று’, இலங்கை வாசகருக்கு அது ஊழியர்மேல் எடுக்கும் நடவடிக்கை. மெய்ப்புப் பார்ப்பவர் கவனிக்க வேண்டும்.

அலகு எது என்பதில்தான் கோளாறு வரும். ‘குடியிருப்புக்கு 100 ரூபாய்’ என்று எழுதினால் ஒரு ஃபிளாட்டுக்கா, கண்ணகி நகர் போன்ற வாரியக் குடியிருப்பு மொத்தத்துக்குமா? ‘வீட்டலகு’ என்றே வையுங்கள். கணக்குக்காக 50,000 வீட்டலகு, தலா 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 50 லட்சம். ஒரு ஆய்வாளருக்கு எல்லாம் சேர்த்து 12 லட்சம் ஆனால் நாலு பேர், மிச்சம் 2 லட்சம்தான். பழைய பிளாக்கை இடித்துக் கட்டும்போது அந்த வீடுகள் எண்ணிக்கையிலிருந்து விழும், வரவு குறையும், ஆய்வாளர் சம்பளம் குறையாது. ஆகவே வரையறையில் ‘மறுகட்டுமானத்தில் உள்ளவை உட்பட’ என்று சேர்க்க வேண்டும்.

---

ஒழுங்காற்றுக் கட்டணம், வீட்டலகு இரண்டும் ஏற்பு. யார் கட்டுவது என்பதையும் சொல்லிவிடுங்கள் அம்மா: உரிமை அமைப்பு, குடியிருப்பவர் அல்ல. இல்லாவிட்டால் பராமரிப்புக் கட்டணத்தோடு ஒரு வரியாக ரசீதில் ஏறிவிடும்.

ரெகுலேட்டருக்கு ‘வாடகை ஆணையம்’ (ரென்ட் அத்தாரிட்டி) என்ற பெயரைத் தொட வேண்டாம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலருக்கு அந்தப் பெயர் போய்விட்டது. அரசு, வாரியக் கட்டடங்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்பவை. நம் ரெகுலேட்டர் தேவைப்படுவதே அங்கேதான். ‘அரசு வாடகைக் குடியிருப்பு ஒழுங்காற்று ஆணையம்’ என நீளமாகவே இருக்கட்டும்.

ஊழியருக்கு: ‘டெபுடேஷன்’ அயற்பணி, ‘அடிஷனல் சார்ஜ்’ கூடுதல் பொறுப்பு. இரண்டையும் கலக்கக் கூடாது. வீடுகளை வைத்திருக்கும் வாரியத்தின் உதவிப் பொறியாளர் ஆணையத்துக்கு அயற்பணியில் வந்தால் மூன்றாண்டு கழித்து, தான் குறை எழுதிய அதே அலுவலகத்துக்குத் திரும்புவார். கூடுதல் பொறுப்பென்றால் அங்கிருந்தபடியே கையெழுத்துப் போடுவார். நேரடியாக எடுப்பவருக்கு ‘சொந்தப் பணியாளர்’ போதும், புதுச்சொல் வேண்டாம்.