‘இஃப்....’ (1968): மால்கம் மெக்டவலை உயர்த்திய படமா, ஒரே சிரிப்புக்குள் அடைத்த படமா?

கொட்டகைவாசி:
லிண்ட்சே ஆண்டர்சன் இயக்கி, 1968 டிசம்பரில் லண்டனில் வெளியான ‘இஃப்....’ படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். ஆங்கிலேய உறைவிடப் பள்ளி ஒன்றில் ‘விப்’ எனப்படும் மூத்த மாணவர்களின் அதிகாரத்துக்கும் பிரம்புக்கும் அடங்க மறுக்கும் மிக் டிராவிஸ், ஜானி, வாலஸ் ஆகிய மூவர், கடைசியில் கூரை மீதேறி, பள்ளி விழாவுக்கு வந்தவர்களைச் சுடுகிறார்கள். 1969இல் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் பரிசைப் பெற்ற படம் இது.

படத்தின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதில் நடித்த இளைஞர்களுக்கு அது நன்மை செய்யவில்லை என்பதே என் வாதம். மிக்காக நடித்த மெக்டவலுக்கு அப்போது வயது 24. இந்தப் படத்தில் அவரைக் கண்ட இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக், ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ (1971) படத்தில் அலெக்ஸ் என்ற வன்முறைக்கார இளைஞனின் வேடத்தைக் கொடுத்தார். பிறகு, கொடூரத்துக்குப் பேர்போன ரோமப் பேரரசனாக அவர் நடித்த ‘கலிகுலா’ (1979) வந்தது. 1994இல் ‘ஸ்டார் டிரெக் ஜெனரேஷன்ஸ்’ படத்தில் அந்தத் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்கின் சாவுக்குக் காரணமான வில்லனாகவும் அவரே வந்தார். அநீதியைப் பார்த்து மிக் சிரித்த அதே சிரிப்பைத் திரையுலகம் கொடூரனின் முத்திரையாக்கி, அந்த நடிகரை அதற்குள் அடைத்துவிட்டது.

நாடகக்காரி:
ஐயா, அந்தச் சிரிப்பு எங்கே பிறந்தது என்று பார்த்துவிட்டு அதை எடை போடலாம். உடற்பயிற்சிக் கூடத்தில் மூவருக்கும் பிரம்படி கொடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். முதலில் மற்றவர்கள் உள்ளே போகும்போது கேமரா வெளியே காத்திருப்பவர்களுடனேயே நின்றுவிடுகிறது. அடியின் ஓசை மட்டும் நம் காதில் விழுகிறது. மிக்கின் முறை வருகிறது. கதவைத் தள்ளித் திறந்து, பிரம்போடு நிற்கும் ‘விப்’ ரவுண்ட்ரீயைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறான். ரவுண்ட்ரீ தொலைவிலிருந்து ஓடிவந்து ஓங்கி அடிக்கிறான். மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாக அடிக்கிறான். எல்லாம் முடிந்ததும், பள்ளி வழக்கப்படி, அடித்தவனின் கையைக் குலுக்கி மிக் நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அலெக்ஸை எப்படி நடிப்பது என்று தெரியாமல் தவித்தபோது மெக்டவல் ஆண்டர்சனிடமே யோசனை கேட்டதையும், கதவைத் திறந்து சிரிக்கும் அந்த அண்மைக் காட்சியை நினைவூட்டி அதுபோலவே செய்யும்படி அவர் சொன்னதையும் மெக்டவலே பலமுறை பேட்டிகளில் கூறியிருக்கிறார். அச்சத்தை மறைக்க ஒரு நடிகர் கண்டுபிடித்த வழியையா நீங்கள் சிறை என்கிறீர்கள்? ‘கலிகுலா’ வந்த அதே 1979இல் ‘டைம் ஆஃப்டர் டைம்’ படத்தில் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸாக, கூச்சமும் கண்ணியமும் நிறைந்த மனிதராக அவர் நடித்திருப்பதை உங்கள் பட்டியலில் காணவில்லையே.

கொட்டகைவாசி:
விட்டது என் பிழைதான். வெல்ஸ் வேடம் அருமையானது. ஆயினும் அப்படிப்பட்ட வேடங்கள் அதன் பிறகு எத்தனை கிடைத்தன என்று கேட்கிறேன். மெக்டவல் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். வாலஸாக நடித்த ரிச்சர்ட் வார்விக் எங்கே போனார்? உடற்பயிற்சிக்கான கிடைக்கம்பியைப் பிடித்து அவர் மெல்லச் சுழல்வதை, ஸ்வெட்டரைத் தலைவழியே இழுத்துப் போட்டபடி கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவன் பார்த்து நிற்கும் காட்சி, உலக சினிமாவின் அழகான நிமிடங்களில் ஒன்று. அந்த அழகுக்கு ஈடான ஒரு பெரிய வேடத்தைப் பிரிட்டிஷ் சினிமா அவருக்குத் தரவே இல்லை.

வெண்திரை:
வார்விக்கைப் பற்றிய உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. பிரிட்டிஷ் இயக்குநர் டெரெக் ஜார்மனின் ‘செபஸ்டியேன்’ (1976), ‘தி டெம்பஸ்ட்’ (1979) ஆகியவற்றில் அவர் நடித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1997இல் எய்ட்ஸ் நோய் அவரைக் கொண்டுபோனது. அந்த இழப்புக்குப் படத்தைப் பொறுப்பாக்க முடியாது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாகக் கருதிய சட்டம் இங்கிலாந்தில் தளர்ந்தது 1967இல்தான். மறு ஆண்டே, நீங்கள் சொன்ன கம்பிக் காட்சியில், அத்தகைய ஈர்ப்பை அவ்வளவு மென்மையாகக் காட்ட ஆண்டர்சன் துணிந்தார் என்பதும், அந்தத் துணிவுக்கு வார்விக் முகம் கொடுத்தார் என்பதும் சிறிய சாதனைகள் அல்ல.

இருவரும் ஜானியை மறந்துவிட்டீர்கள். அந்த வேடத்தில் நடித்த டேவிட் வுட் அதே காலத்தில் குழந்தைகளுக்கான நாடகங்களை எழுதத் தொடங்கி, பின்னாளில் சிறுவர் எழுத்தாளர் ரோல்ட் டாலின் ‘தி பிஎஃப்ஜி’, ‘தி விட்சஸ்’ போன்ற கதைகளை மேடைக்குக் கொண்டுவந்து, 2004இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருதும் பெற்றார். பிள்ளைகளை அடித்து வளர்த்த பள்ளியைத் திரையில் எதிர்த்தவர், பிள்ளைகளை அரங்கில் உட்காரவைத்து மகிழ்விப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டதைவிட இந்தப் படத்துக்கு நல்ல தொடர்ச்சி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நடிகரின் பயணத்தை நட்சத்திர மதிப்பால் மட்டும் அளக்கும்போது இத்தகைய மனிதர்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள்.

மேகலை:
கணக்கில் வராதவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் ஒன்று சொல்கிறேன். உணவு விடுதியில் மிக்கை அறைந்து, பிறகு புலிகளைப் போல அவனோடு கட்டிப் புரண்டு, கடைசிக் காட்சியில் கூரை மீது துப்பாக்கி ஏந்தி நிற்கும் பெண்ணுக்குப் படத்தின் பெயர்ப் பட்டியலில் பெயரே இல்லை. ‘பெண்’ என்று மட்டுமே போட்டிருக்கிறார்கள். அவ்வேடத்தில் நடித்த கிறிஸ்டின் நூனனுக்கு அடுத்தடுத்துச் சொல்லும்படியான வேடங்கள் அமையவில்லை, 2003இல் காலமானார். கலகம் செய்த ஆண்களுக்குப் பெயரும் கதையும் உண்டு. அவர்களோடு சேர்ந்து சுட்ட பெண்ணுக்கு அவை இல்லை. கொட்டகைவாசியின் குற்றச்சாட்டு வேறு யாருக்குப் பொருந்தாவிட்டாலும் அவருக்குப் பொருந்துகிறது.

நாடகக்காரி:
மேகலை சொன்னதை மறுக்க முடியாது. மறுக்க விரும்பவும் இல்லை. அந்தப் பெண் மெய்யாகவே இருக்கிறாளா, மிக்கின் கற்பனைதானா என்று தெரியாதபடி காட்சிகளை அமைத்ததில் கலை நயம் இருக்கலாம். நடிகையின் பிழைப்புக்கு அந்த நயம் உதவவில்லை.

மெக்டவல் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இளமையில் காப்பி விற்பனைப் பிரதிநிதியாக ஊர் சுற்றிய தம் சொந்த அனுபவத்திலிருந்து ‘ஓ லக்கி மேன்!’ (1973) படத்துக்கு விதை போட்டவர் அவரே. அதில் ஆண்டர்சன் ‘இஃப்....’ நடிகர்கள் பலரைத் திரும்ப அழைத்தார். விடுதி ஆசிரியராக நடித்த ஆர்தர் லோவுக்குப் பல வேடங்கள் தந்தார், லோவுக்கு அதற்காக பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதும் கிடைத்தது. மிக் டிராவிஸ் என்ற பெயர் அங்கும் தொடர்ந்து, ‘பிரிட்டானியா ஹாஸ்பிடல்’ (1982) வரை வந்தது. பெங்களூரில் பிறந்து, செல்டன்ஹாம் கல்லூரியில் படித்து, தாம் படித்த அதே கல்லூரியில் கேமராவை வைத்து ‘இஃப்....’ எடுத்த ஆண்டர்சன் 1994இல் மறைந்த பிறகு, அவரைப் பற்றியே தனி ஆளாக மேடையேறிப் பேசினார் மெக்டவல். அது 2007இல் ‘நெவர் அப்பாலஜைஸ்’ என்ற படமாகவும் வந்தது. தம்மைச் சிறைவைத்தவரைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை.

கொட்டகைவாசி:
அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. வுட்டைப் பொறுத்தவரை வெண்திரை சொன்னதை ஏற்கிறேன். என் முதல் பதிவில் ‘இளைஞர்களுக்கு’ என்று எல்லோரையும் சேர்த்துச் சொன்னது தவறு. ஆனால் நீங்களே சான்றாகக் காட்டிய ‘ஓ லக்கி மேன்!’ எப்படி முடிகிறது என்று மீண்டும் பாருங்கள். நடிகர் தேர்வு நடக்கும் இடத்துக்கு மிக் வருகிறான். இயக்குநராக ஆண்டர்சனே உட்கார்ந்திருக்கிறார். சிரிக்கச் சொல்கிறார். எதற்காகச் சிரிக்க வேண்டும் என்று மிக் கேட்கிறான். கையிலிருந்த திரைக்கதைத் தாள்களால் அவன் முகத்தில் ஓங்கி அடிக்கிறார் ஆண்டர்சன். அதன் பிறகே அந்தச் சிரிப்பு மெல்ல வருகிறது.

நாடகக்காரி:
பார்த்தேன், ஐயா. அடிபட்ட உடனே அவன் சிரிப்பதில்லை. கேமரா அந்த முகத்தை விட்டு விலகாமல் நிற்கிறது. அந்த இடைவெளியில் அவன் எதைப் புரிந்துகொண்டான் என்பதில்தான் நீங்களும் நானும் வேறுபடுகிறோம்.